ஒளியும் சாயமும்



சிறு சதைத்துணுக்கைச் சோதித்துச் சொல்ல இத்தனை நாட்களா என்று எங்களைச் சினந்து கேட்போர் உண்டு. ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் நாங்கள் அதற்கு இன்று விடை கூற விழைகிறோம்.

சாதாரண நுண்ணோக்கியில், கீழிருந்து எழும் ஒளி பொருளை ஊடுருவிக் கண்ணை அடைகிறது. ஒளியைத் தடுப்பது எதுவோ அதுவே தென்படும். மெல்லியதாகச் சீவிய திசுவோ கண்ணாடியை ஒத்தது. ஒளி தடையின்றிக் கடந்துவிடும். ஆகவேதான் சாயம் ஏற்றுகிறோம். மெக்சிகோ நாட்டில் வளரும் ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து கிடைக்கும் ஹீமடாக்சிலின் உயிரணுக்களின் கருவை நீலமாக்கும். இயோசின் ஏனையவற்றை இளஞ்சிவப்பாக்கும். முன்னது ஒரு காலத்தில் துணிக்குத் தோய்த்த சாயந்தான்!

சாயத்துக்கு முன்னர் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரான். அவசரம் இங்கே செல்லாது.

ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு துணுக்கு வெறும் நீரில் மிதந்து வந்தது. வழியிலேயே சிதைந்திருந்தது. விளக்கைக் கூட்டினோம், குறைத்தோம். கருவும் தெரியவில்லை, எல்லையும் தெரியவில்லை. அந்த அம்மையார் மீண்டும் கத்திக்கு உட்பட நேர்ந்தது.

உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இச்சோதனை நேருமாயின், புட்டியில் துணுக்கைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் உள்ளதா என்று தயங்காது கேளுங்கள். உடனடிச் சோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் முறை வேறு. அதையும் மருத்துவரிடமே கேட்டறியலாம். பெயரைப் புட்டியின்மேல் எழுதச் சொல்லுங்கள். மூடிகள் இடம் மாறிவிடும்.