சிறு விமானமும் அதற்கேற்ற வெளியும்



திருப்பதியில் குடியிருக்கும் என் தமக்கை மகன், பள்ளித் தேர்வு முடிந்த கையோடு, மின்விசையால் பறக்கும் சிறு விமானம் ஒன்றை வாங்கிவிட்டான். "மாமா, அலிபிரியில் பறக்கவிடலாமா?" என்று கேட்டான். மலையடிவாரம், காற்றுக்கும் குறைவில்லை. அவன் கேட்டதில் வியப்பில்லை. ஆயினும், "அங்கே கூடாது" என்றேன். அதன் காரணம், வெளி மாநிலங்களில் பிள்ளைகளோடு வாழும் தங்களுக்கும் பயன்படலாம்.

அலிபிரி, திருமலைக்கு நடந்து ஏறும் அடியார்கள் முதற்படியில் கால் வைக்கும் இடம். மலையேறும் வாகனங்களைச் சோதிக்கும் சாவடியும் அங்கேதான். திருமலையில் ட்ரோன் பறக்கவிடத் தடை உண்டு. தலைக்கு மேல் பறக்கும் பொருள் விளையாட்டுப் பொருளா, வேறொன்றா என்று காவலர் நின்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. மலைக்கு அப்பாலிருந்து வீசும் காற்றோ, சரிவில் இறங்கும்போது சுழன்று புரளும். அரைக் கிலோ எடையுள்ள நுரைப்பலகை விமானம் அதில் சருகுதான்.

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. 8 முதல் 12 வரை 200 அடிக்கு மேல் செல்லலாகாது. அதற்கப்பால் பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை செல்லலாம். ரேணிகுண்டா விமான நிலையம் அருகில் இருப்பதால், அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெகு தொலைவில் வற்றிய ஏரித் தரை ஒன்றைத் தேர்ந்தோம்.

விமானத்தைப் பற்றிச் சிறிது. இறக்கை உடலின் மேற்புறம் அமைந்து, அதன் நுனிகள் சற்று மேல்நோக்கியிருப்பது தொடக்கக்காரருக்கு ஏற்றது. சாய்ந்தாலும் தானே நிமிரும். போர் விமான உருவங்கள் கண்ணைக் கவரும்; இப்போது வேண்டா. எடையின் நடுப்புள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் முதல் மூன்றிலொரு பங்குக்குள் விழவேண்டும். வால் கனத்தால் விமானம் அடங்காது.

1957 ஜூன் 30 அன்று, இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவரின் 'ரேடியோ குவீன்' மின்விசையால் பறந்தது. அன்றைய மின்கலங்களின் சுமையை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிகும். இன்றைய லித்தியம் பாலிமர் மின்கலம் இலேசானது. ஆனால் முரட்டுத்தனம் உடையது. ஒரு கலத்துக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறக்கலாகாது. ஏற்றும்போது அறையை விட்டு அகலலாகாது. வீங்கிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. கையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியை முதலில் இயக்கிய பின்னரே விமானத்தில் மின்கலத்தை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது இம்முறை தலைகீழ். இதில் தவறினால் விசிறி திடீரெனச் சுழன்று விரலைப் பதம் பார்க்கும்.

முதல் நாள் விடியலில், ஆர்வத்தால் காற்றுக்கு எதிர்முகமாக எறியாமல் காற்றின் போக்கிலேயே எறிந்துவிட்டான். விமானம் மூக்கால் நிலத்தைக் குத்தியது. அவன் முகம் வாடிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. பசையும் ஒட்டுநாடாவும் மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டன. மறுநாள் காற்று எழுமுன் சென்றோம். இம்முறை எதிர்முகமாக எறிந்தான். இரு வட்டம் வந்து, காய்ந்த வண்டலில் சறுக்கி நின்றது.

மின்கலத்தைத் தொட்டுப் பார்த்தான், சூடு அதிகமில்லை. "இன்னொரு முறை, மாமா?" என்றான்.