இரட்டைக் குழாயும் இரட்டைக்கிளவியும்



அகநானூற்றின் நான்காவது பாட்டு குறுங்குடி மருதனார் பாடியது. திணை முல்லை. கார்காலம் வந்துவிட்டது; வருவேன் என்று சொல்லிப் போனவன் இன்னும் வரவில்லை. வாடியிருக்கும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். வந்துகொண்டிருக்கிறான் என்று மட்டும் சொல்லி அவள் நிறுத்தவில்லை. எப்படி வருகிறான் என்றும் சொல்கிறாள். வழியோரச் சோலையிலே துணையோடிருந்து தேன் குடிக்கும் வண்டுகள் கலங்கிப் போகுமே என்று அஞ்சி, தேரிலே தொங்கும் மணிகளின் நாக்குகளைக் கட்டிவிட்டு வருகிறானாம். மனைவியைக் காணப் பறக்கிற அவசரத்திலும் அவனுக்கு அந்த நினைவு இருந்திருக்கிறது.

வகுப்பிலே இப்பாட்டைப் படிப்பிக்கும்போது, “வாகனத்துக்கு முதன்முதல் சைலன்சர் பூட்டியவன் நம் தலைவன்தான்” என்று வேடிக்கையாகச் சொல்வது என் வழக்கம். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த பழைய மாணவன் ஒருவன் அண்மையில் வீட்டுக்கு வந்தான். இப்போது வயலும் நெல் வியாபாரமுமாக இருக்கிறான். வாசலிலே அவனுடைய பழைய டீசல் பிக்கப் நின்றது.

“சேர், சைலன்சர் உக்கிப் போச்சு. மாத்தத்தான் வேணும். மாத்திறதுதானே, பின்னுக்கு ரெண்டு பைப் வைப்பமெண்டு யோசிக்கிறன். சத்தம் நல்லா இடிக்குமாம். நீங்க என்ன சொல்றீங்க?”

தமிழ் வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நேயர்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், ஓசையைப் பற்றிய கேள்வியைத் தமிழ் படித்தவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? எழுத்துக்கு மாத்திரை வைத்து அளந்தவர்கள் நாம் அல்லவா?

அவனுடைய ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மறுபடி திறந்துவிடப்பட்டது. திறந்த பிறகும் விலை நம்மவர் கைக்கு எட்டுகிறதாக இல்லை. ஆகவே, இருக்கிற பழைய வண்டியையே துடைத்து, பூசி, பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். புதிய வண்டி வாங்க முடியாதவன் பழைய வண்டிக்குப் புதிய குரலாவது கொடுப்போம் என்று எண்ணுவதில் பிழை என்ன? கரத்தை மாட்டுக்கு வெண்கல மணி தேடித் திரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இவர்கள்.

தொல்காப்பியர் பிறப்பியலிலே எழுத்துப் பிறக்கும் முறையைச் சொல்கிறார். உந்தியிலிருந்து எழுகிற காற்று தலை, மிடறு, நெஞ்சு என்ற இடங்களிலே நிலைபெற்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது. காற்று ஒன்றுதான், அது கடந்து வரும் வழி வேறுபட ஒலியும் வேறுபடுகிறது. வாகனத்தின் கதையும் இதுதான். எஞ்சினுக்குள்ளே எரிபொருள் வெடித்து, வால்வு திறந்ததும் புகை அழுத்தத்தோடு பாய்கிறதே, அது உந்திக் காற்று. குழாய் மிடறு. சைலன்சர் வாய்.

சைலன்சர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே அறை அறையாகத் தடுத்தது. ஒலியலை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது சுவரிலே மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மற்றது, துளைபோட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்தது. கூர்மையான ஒலிகளை நார் உறிஞ்சிவிடும். கனத்த ஒலி மட்டும் வெளியே வரும். இளைஞர்கள் விரும்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையை. சிலர் ஒன்றுமே இல்லாத வெறும் குழாயைப் பூட்டுகிறார்கள். வாயை மூடாமல் “ஆ” என்று கத்துகிறவனைப் பேசுகிறான் என்று சொல்லலாமா?

இனி இரட்டைக் குழாய்க்கு வருவோம். இந்த ஆசை பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே போர்ட், செவ்ரோலே பிக்கப்புகளில் எட்டுச் சிலிண்டர் எஞ்சின்கள் உண்டு. வி என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலாகச் சாய்ந்திருக்கும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் எட்டும் ஒவ்வொரு தடவை வெடிக்கும். அதாவது 90 பாகைக்கு ஒரு வெடிப்பு. மொத்தமாகக் கேட்டால் ஒழுங்கான தாளம். ஆனால் அந்த எஞ்சின்களின் சுழல்தண்டு குறுக்கு வடிவில் அமைந்திருப்பதால், வெடிப்பு இடப்பக்கம் வலப்பக்கம் என்று சரிக்குச் சரி மாறி மாறி வருவதில்லை. ஒரு பக்கத்து நாலை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் இடைவெளிகள் 270, 180, 90, 180 பாகை என்று வரும்.

இந்த எண்களைத் தொண்ணூறால் வகுத்துப் பாருங்கள். மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடுத்தால் மூன்று. அளபெடை, நெடில், குறில், நெடில் என்று ஒரு பக்கத்துக் குழாய் பாடுகிறது. மொத்தம் எட்டு மாத்திரை; ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் போல. அந்த எஞ்சின்கள் குமுறிக் குமுறி ஒலிப்பதன் இரகசியம் இந்தச் சமமின்மைதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் வைத்துப் பின்புறம் வரை கொண்டுவந்தால் அந்தச் சந்தம் கலையாமல் வெளியே வரும். அதுவே உண்மையான இரட்டைக் குழாய்.

இன்னொன்றும் உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் எட்டுச் சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 200 தடவை வெடிக்கும். பிரித்துவிட்டால் ஒரு குழாய்க்கு 100. அதிர்வு பாதியானால் சுரம் ஒரு தாயி கீழே இறங்கும் என்பது யாழுக்கும் வீணைக்கும் பொதுவான கணக்கு. இந்தக் கணக்கையெல்லாம் விரித்துப் பழந்தமிழ் யாழ்களை மீட்டுத் தந்த ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அதை எழுதிய விபுலாநந்த அடிகள் நமக்கு வடக்கே, சில மைல் தூரத்துக் காரைதீவிலே பிறந்தவர்; விஞ்ஞானமும் படித்தவர். எஞ்சின் ஓசையை அளப்பது தமிழுக்கு அந்நியமான காரியம் என்று இந்தக் கரையிலே யாரும் சொல்லக் கூடாது.

இரண்டு குழாய்களுக்கும் இடையே குறுக்கே ஓர் இணைப்பு வைப்பார்கள். ஏணிப்படி போல ஒரு சிறு குழாயால் தொடுத்தால் கனமான உறுமல் நிலைக்கும். கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று வெட்டிச் செல்லவிட்டால் ஓசை சீராகி, சற்று மேலே ஏறும். அவரவர் செவிக்குப் பிடித்தது அவரவருக்கு.

இதையெல்லாம் சொன்ன பிறகு அவனுடைய வண்டிக்கு வந்தேன். நம் பக்கத்தில் ஓடுகிற ஹைலக்ஸ், எல்200, டி-மெக்ஸ் போன்றவை பெரும்பாலும் வரிசையாக நாலு சிலிண்டர் வைத்த டீசல் வண்டிகள். வெடிப்புக்கு வெடிப்பு 180 பாகை; நெடில், நெடில், நெடில், நெடில். நாலும் ஒரே குழாயிலே வந்து சேருகின்றன. டேர்போ பூட்டிய வண்டியானால், புகை அதன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வருவதால் பாதிச் சந்தம் அங்கேயே மழுங்கிவிடுகிறது. இப்படி வந்த ஒரே புகையைப் பின்புறத்திலே இரண்டாகப் பிரித்து இரண்டு வாய் வைப்பதால் புதிய ஓசை எங்கிருந்து வரும்?

“தம்பி, சலசல எண்டதை வெட்டினா ‘சல’ எண்டதுக்குப் பொருள் இருக்கா?”

“இல்லை சேர்.”

“அது இரட்டைக்கிளவி. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஓசை. அமெரிக்காக்காரன்ட இரட்டைக் குழாய் அது. ‘வா வா’ எண்டா?”

“அடுக்குத்தொடர்.”

“உன்ட பிக்கப்புக்கு நீ பூட்டப் போறது அதுதான். ஒரு சொல்லை ரெண்டு தரம் சொல்றாய்.”

பாடம் இன்னும் மறக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. சத்தமாவது இரு மடங்காகுமா என்று கேட்டான். அதுவும் இல்லை. ஒரே அளவான இரண்டு ஒலிகள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல் மாத்திரமே. நம் காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். இங்கே சேருவதற்கு இரண்டாவது ஒலியே கிடையாது.

அவனை அழைத்துக்கொண்டு அக்கரைப்பற்றிலே தெரிந்த கராஜ் ஒன்றுக்குப் போனேன். புகைக்குழாய் வெல்டிங்கில் தலை நரைத்த ஒரு காக்கா அங்கே இருக்கிறார். நான் ஏட்டிலே படித்ததை அவர் கையாலே அறிந்தவர். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், இது உள்ளேயிருந்து உக்கினது” என்றார். கடற்காற்றின் உப்பு வெளியே தின்கிறது. வயலுக்கும் கடைக்குமாகக் கிட்டக்கிட்ட ஓடுவதால் குழாய் சரியாகச் சூடேறாமல், புகையிலுள்ள நீராவி உள்ளே நீராகத் தங்கித் தின்கிறது. இரண்டு குழாய் போட்டால் துருப்பிடிக்க இரண்டு இடம் என்பது அவருடைய முதல் வாதம். துருப்பிடிக்காத உருக்கிலே ஒரு குழாய் போடச் சொன்னார். விலை கூடினாலும் மறுபடி தன்னிடம் வர வேண்டியிருக்காது என்று சிரித்தார். அவரவர் தொழிலுக்கு எதிராகப் பேசுகிற மனிதரை எப்போதாவதுதான் காண்கிறோம்.

கட்டாயம் கேட்க வேண்டியதாக இன்னொன்றையும் சொன்னார். நார் அடைத்த சைலன்சர் பூட்டினால் வெளியே நிற்கிறவனுக்கு நல்ல சத்தம். உள்ளே இருக்கிறவனுக்குத் தலையிடி. ஒரே வேகத்தில் ஓடும்போது குழாயின் முழக்கமும் கெபினின் அதிர்வும் பொருந்திவிட்டால், பொத்துவில் றோட்டிலே போகும் நேரம் முழுக்கக் காதுக்குள் வண்டு இரைவது போல இருக்குமாம். அதற்கு மாற்று, ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றை அளவு பார்த்துப் பக்கத்திலே ஒட்டுவது. அந்த முழக்கத்தின் அலை நீளத்தில் காற்பங்கு நீளம் வேண்டும். உள்ளே போன அலை திரும்பி வந்து முழக்கத்தை அடக்கும். விநாடிக்கு நூறு அதிர்வுள்ள முழக்கமானால், சூடான புகைக்குள் அது ஒரு மீற்றருக்கும் சற்று மேலே வரும்.

அவன் மனம் அப்போதும் முழுதாக மாறவில்லை. பார்த்து முடிவெடுப்போம் என்று, கராஜிலே கிடந்த ஒரு வெறுங்குழாயைத் தற்காலிகமாகப் பூட்டிக்கொண்டு இருட்டுப்பட்ட பின் ஆலையடிவேம்புக்குத் திரும்பினான். மற்றதை மறுநாள் அவன் வாயாலே கேட்டேன்.

நேயர்களே, நெய்தல் திணைப் பாட்டுகளிலே இரவில் வருகிற தேரின் மணியொலி இரண்டு விதமாகக் கேட்கிறது. காத்திருப்பவளுக்கு அது உயிர் திரும்பிவரும் ஓசை. ஊராருக்கோ அலர் தூற்றக் கிடைத்த சாட்சி. ஓசை ஒன்று, செவி இரண்டு. நம் கரையிலே யுத்த காலம் மூன்றாவது செவி ஒன்றையும் உண்டாக்கிவிட்டது. அந்த நாட்களிலே சிறுவனாக இருந்த எனக்கும் அது வாய்த்தது. பொழுதுபட்டால் றோட்டிலே கேட்கும் எஞ்சினை வைத்தே ஜீப்பா, ட்றக்கா, உழவு இயந்திரமா என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். வளைவிலே வேகம் குறைகிறதா, ஒழுங்கை வாசலிலே நிற்கிறதா என்று வீடே மூச்சடக்கிக் கேட்டிருக்கும். அந்தப் பழக்கம் 2009க்குப் பிறகும் எல்லோருக்கும் போய்விடவில்லை.

அவனுடைய அம்மம்மா அந்த வீட்டிலே இருக்கிறா. பனங்காட்டுப் பக்கமிருந்து பேரனுடைய பிக்கப் திரும்பும் ஓசை கேட்டதும் சோற்றுப் பானையைத் திறப்பது அவவின் வழக்கம். பழைய சைலன்சரின் ஓட்டைச் சத்தத்தைக்கூட அவ அறிந்து வைத்திருந்தா. அன்றிரவு அவன் ஒழுங்கைக்குள் வண்டியைத் திருப்பியபோது வீட்டிலே வெளிச்சம் இருந்தது. வாசலுக்கு வர முன்பே அணைந்துவிட்டது. கதவைத் தட்டினான், பதிலில்லை. “அம்மம்மா, நான்தான்” என்று மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே ஆள் அசைந்திருக்கிறது. இருட்டிலே, அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே நிலத்தில் குந்தியிருந்திருக்கிறா.

“உன்ட சத்தம் இல்லையே மனே” என்றாவாம்.

காலையிலே அவன் கராஜுக்குப் போய்விட்டான். ஒற்றைக் குழாய், துருப்பிடிக்காத உருக்கு, அறை வைத்த சைலன்சர். குழாயின் வாயை ஒழுங்கை வேலிப் பக்கம் பாராமல் பின்னால் நிலத்தை நோக்கி வளைக்கச் சொன்னானாம். ஆனாலும் குரல் கொஞ்சம் மாறித்தானே இருக்கும்? அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறான். ஒரு கிழமையாக, ஒழுங்கை முனையிலே வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய்ச் சொல்லிவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொண்டு போகிறானாம். அவ அந்தப் புதிய ஓசையைப் படித்து முடிக்கும் வரைக்கும்.