செம்பட்டை முடி உணர்த்துவது



நம் பிள்ளைகள் சிலரின் செம்பட்டைத் தலையைக் கண்டு, 'எண்ணெய் காணாத தலை' என்று இகழ்வோர் உளர். உண்மை யாது? முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. வெளியே தெரியும் தண்டுக்கு உயிரில்லை. தோலினுள் புதைந்த வேரே உயிருள்ளது. அவ்வேரை வளர்ப்பது இரத்தம். எண்ணெய் தண்டைக் காக்குமேயன்றி வேருக்கு உணவாகாது.

கருமுடி நிறம் மங்கி, மெலிந்து, இழுத்தவுடன் கையோடு வருமாயின், அது புரதக் குறைவின் அறிகுறியாகலாம். அத்தகைய பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவோம். பருப்பு, நிலக்கடலை, முட்டை, கீரை ஆகியவற்றை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப ஊட்டுவோம். முடி திங்களுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளரும். ஆதலின் பயன் தெரியச் சில திங்கள் பொறுப்போம்.

பிள்ளையின் தலையை நாணி மறைக்க வேண்டா. அதன் தட்டை நிரப்புவோம்.