மரத்தொழிற் கருவிகளும் மின்வழங்கலும்: பழுதின் இருப்பிடம் எது?

(முலுண்டில் ஆற்றப்பெற்ற உரையின் சுருக்கம்)

குறைந்த மூலதனத்தில் பலருக்கு வேலை அளிக்கும் தொழில்களுள் மரத்தொழில் ஒன்று. மின் ரம்பமும் மின் இழைப்புளியும் வந்த பிறகு தச்சரின் ஒருநாள் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. அதே வேளையில், அவருடைய வருவாய் மின்சாரத்தின் தரத்தோடு பிணைந்துவிட்டது. மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் செலவோடு சில நாட்களின் கூலியும் போய்விடும். குறித்த நாளில் பொருளைக் கொடுக்க இயலாமல் வாடிக்கையாளரும் விலகுவார். மின்வழங்கலின் தரம் சிறுதொழிலின் உற்பத்தித்திறனை நேரடியாகத் தாக்கும் காரணி என்பதற்கு இதுவே சான்று.

முலுண்டில் லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் இயங்கிய இடங்கள் பலவற்றில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. பட்டறையில் வேலை செய்து வந்த தச்சர் இன்று கருவிகளைச் சுமந்துகொண்டு கட்டி முடியாத வீடுகளுக்குச் செல்கிறார். ஒரே தற்காலிக இணைப்பிலிருந்து நீண்ட ஒயர்களை இழுத்துப் பலரும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றனர். ரம்பம் மரத்தில் நின்றுவிட்டால் உடனே எழும் கூற்று, "கரண்ட் சரியில்லை" என்பதாகும். இது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பழுது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். மீட்டர் வரை வரும் மின்பாதை முதலாவது, மீட்டரிலிருந்து கருவி வரை செல்லும் ஒயர் இரண்டாவது, கருவி மூன்றாவது. இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. கருவி மரத்தை அறுத்துக் கொண்டிருக்கும்போதே மீட்டர் பலகையிலும் கருவி செருகப்பட்ட இடத்திலும் வோல்ட்டேஜை அளக்கவேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரே இதைச் செய்தல் நலம். கருவி ஓடாதபோது அளப்பதில் பயனில்லை. மின்னோட்டம் இல்லாத ஒயரில் அழுத்த இழப்பும் தெரியாது.

மீட்டரிலேயே அளவு குறைந்திருந்தால் குறை மின்பாதையில் உள்ளது. மீட்டரில் சரியாக இருந்து கருவியிடம் குறைந்தால் குறை ஒயரில் உள்ளது. இரண்டிலும் சரியாக இருந்தும் கருவி திணறினால் கார்பன் பிரஷ், சுவிட்ச், மரத்தூள் அடைத்த காற்றுத் துளைகள், மழுங்கிய பல் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது வகைக் குறையே பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடப்பது. ஒரு கணக்கைப் பார்ப்போருக்கு இது விளங்கும். 1,500 வாட் மின் ரம்பம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 50 மீட்டர் நீட்டினால், போகவும் வரவும் 100 மீட்டர் ஆகிறது. அதன் மின்தடை சுமார் 1.8 ஓம். ஆக, ஓடும்போது 12 வோல்ட் வழியிலேயே கரைகிறது. தொடங்கும் நொடியில் மின்னோட்டம் நான்கு மடங்கானால் இழப்பு 47 வோல்ட்டை எட்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் ஓடும்போது இழப்பு 5 வோல்ட்டுக்குள் அடங்கும். மலிவான ஒயரில் மிச்சமாகும் பணம் மோட்டாரில் செலவாகிறது. ஒயரைச் சுருளாக வைத்தே பயன்படுத்தினால் வெப்பம் வெளியேறாமல் அதன் உறை உருகும் அபாயமும் உண்டு.

குறைந்த அழுத்தம் எல்லா மோட்டாரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. கைக்கருவிகளில் உள்ள பிரஷ் மோட்டாரின் வேகம் குறைகிறது. மேசை ரம்பத்தில் உள்ள இண்டக்ஷன் மோட்டாரிலோ திருப்புவிசை, அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. வோல்ட்டேஜ் 10 விழுக்காடு குறைந்தால் விசை 19 விழுக்காடு குறையும். அதே மரத்தை அறுக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். மும்முனை மோட்டாரில் ஒரு முனை அறுந்தால் அது உறுமிக்கொண்டே எரிந்துவிடும். தகுந்த ஓவர்லோட் ரிலே இருந்தால் தப்பும். மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தாலோ ஒருமுனைக் கருவிகளுக்கு 230 வோல்ட்டைக் கடந்து மிகுதியான அழுத்தம் பாயக்கூடும்.

பொருள் இழப்பினும் பெரியது உயிரிழப்பு. மழைக்காலத்து ஈரத்தில் உறை கிழிந்த ஒயர் ஆளைக் கொல்லும். ஃப்யூசும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பவை. மின்கசிவிலிருந்து மனிதனைக் காக்க 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்புக் கருவியும் நல்ல எர்த் இணைப்பும் இன்றியமையாதவை.

குறை மின்பாதையில்தான் என உறுதியானால் யாரிடம் முறையிடுவது? மும்பையில் இதற்கு ஒரே விடையில்லை. தாராவி உள்ளிட்ட தீவுநகரில் பெஸ்ட் நிறுவனம் மின்சாரம் வழங்குகிறது. செம்பூர் உள்ளிட்ட புறநகர்களில் அதானி, டாட்டா நிறுவனங்கள் வழங்குகின்றன. முலுண்டிலும் பாண்டுப்பிலும் மகாவிதரண் எனப்படும் மாநில அரசு நிறுவனம் வழங்குகிறது. 1960-இல் அமைந்த மகாராஷ்டிர மின்வாரியம் 2005-இல் பிரிக்கப்பட்டபோது உருவானது அது.

தாழ்வழுத்த இணைப்பில் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வரையறுத்தன. 230 வோல்ட்டுக்கு இது 216 முதல் 244 வரை ஆகும். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் சேவைத் தரங்களை வகுக்கும் பொறுப்பை ஒழுங்குமுறை ஆணையத்திடம் அளித்தது. தரம் தவறினால் இழப்பீடு, நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் குறைகேள் அதிகாரி ஆகிய வழிகளையும் அச்சட்டம் ஏற்படுத்தியது. 2020-இல் மைய அரசு வெளியிட்ட நுகர்வோர் உரிமை விதிகள் இவற்றை மேலும் வலுப்படுத்தின.

எனினும், உரிமை பயன்பட வேண்டுமானால் சான்று வேண்டும். "வோல்ட்டேஜ் குறைவு" என்று மட்டும் சொல்லும் முறையீடு எளிதில் ஒதுக்கப்படும். நாள், நேரம், மீட்டரில் கண்ட அளவு ஆகியவற்றைச் சில நாட்கள் குறித்துத் தரும் முறையீட்டை ஒதுக்குவது கடினம். மின்துறை அலுவலர் அத்தகைய குறிப்பைக் குற்றச்சாட்டாகக் கொள்ளாமல், தம் மின்மாற்றியின் சுமையை அறிய உதவும் தகவலாகக் கொள்ளவேண்டும். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் தம் பகுதிப் பட்டறைகளில் இந்த அளவீட்டைச் செய்துகொடுத்தால் அவர்களுக்குப் பயிற்சியும் தச்சர்களுக்குப் பாதுகாப்பும் கிட்டும்.

பெரிய ஆலைக்குத் தனி மின்பொறியாளர் உண்டு, தச்சருக்கு இல்லை. அந்தக் குறையை ஓர் அளவுமானியும் ஒரு குறிப்பேடும் தகுந்த தடிமனுள்ள ஒயரும் பெருமளவு ஈடுசெய்யும்.