செல்ஃப் எடுக்காத அம்பாசடர்



அம்பாசடர் காரைத் தெரியாதவர் நம்மில் உண்டா? கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாரா என்ற ஊரில் அந்தக் கார் தயாரானது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான் அதற்கு மூலம். 2014ஆம் ஆண்டில் தயாரிப்பு நின்றது. ஆனாலும் பழைய வண்டியைப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கொல்கத்தாவில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு வண்டியை வாடகைக்கு விடுகிறார். இன்று மாலை மாப்பிள்ளையை ஏற்றிப் போக வேண்டும். முன்பணமும் வாங்கிவிட்டார். சாவியைத் திருகுகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இஞ்சின் சுற்றவில்லை.

"பேட்டரி போய்விட்டது. புதிதாக வாங்குங்கள்" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். இப்படிச் சொல்ல எல்லா ஊரிலும் ஆள் உண்டு. புதுப் பேட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். வாங்கிப் போட்டும் வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது?

முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை.

இஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரைத்தான் 'செல்ஃப்' என்கிறோம். அதற்கு நிறைய மின்சாரம் வேண்டும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். செல்ஃப் 100 ஆம்பியருக்கும் மேல் எடுக்கும். ஆகவே 'ஹாரன் அடிக்கிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது' என்று நினைப்பதும் தவறு.

கியரை நியூட்ரலில் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஹெட்லைட்டை எரியவிடுங்கள். இப்போது சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் மங்கினால் ஒரு செய்தி. மங்காமல் இருந்தால் வேறு செய்தி.

மங்கி அணைவது போல ஆனால், பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருக்கலாம். அல்லது பேட்டரி முனையில் உப்பு பூத்திருக்கலாம். முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். கழற்றும்போது எர்த் கம்பியை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். கையில் மோதிரம், இரும்புக் காப்பு வேண்டாம். பீடியும் வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது.

நம் கல்யாண வண்டியில் வெளிச்சம் மங்கவே இல்லை. அப்படியானால் மின்சாரம் செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. 'டக்' என்று சத்தம் வந்தது சோலனாய்டில். அதற்குச் சாவியிலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. தடை அதற்கு அப்பால் இருக்கிறது.

இங்கேதான் பலர் செல்ஃபைக் கழற்றிவிடுகிறார்கள். பொறுங்கள். இஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் இஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு பட்டைக் கம்பி போட்டிருப்பார்கள். செல்ஃபுக்குப் போன மின்சாரம் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் மூடி, அந்தக் கம்பியை யாரும் பார்ப்பதில்லை. அது துருப்பிடித்தால் விளக்கு நன்றாக எரியும். செல்ஃப் மட்டும் சுற்றாது.

சோதிப்பது சுலபம். தடித்த ஜம்பர் கம்பி ஒன்றை எடுங்கள். ஒரு முனையை இஞ்சினின் சுத்தமான இரும்பில் பிடித்து வையுங்கள். மறு முனையை வண்டியின் உடலில், பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்டுங்கள். சாவியைத் திருகுங்கள். இஞ்சின் சுற்றினால் குற்றவாளி பட்டைக் கம்பிதான். உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. சுற்றாவிட்டால்தான் சோலனாய்டையும், செல்ஃபுக்குள் தேயும் கார்பனையும் பார்க்க வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை.

இன்னொரு கோளாறும் உண்டு. 'விர்' என்று செல்ஃப் சுற்றும், இஞ்சின் சுற்றாது. பழைய வண்டிகளில் ஒரு சிறிய பல்சக்கரம் மரைமேல் ஓடிப்போய் ஃப்ளைவீலின் பல்லைப் பிடிக்கும். அதற்குப் பெண்டிக்ஸ் என்று பெயர். அழுக்கு சேர்ந்தால் அது ஓடாது. செல்ஃபைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைக்க வேண்டும். கெட்டி எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். அதில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசமாகும்.

சில சமயம் அந்தப் பல்சக்கரம் ஃப்ளைவீலில் சிக்கிக்கொள்ளும். அப்போது விளக்கு மங்கும். சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். சமதரையில்தான் இதைச் செய்யலாம்.

பழைய அம்பாசடரில் கையால் சுற்றும் ஹேண்டில் உண்டு. அவசரத்துக்கு அது கைகொடுக்கும். அப்போதும் கியர் நியூட்ரலில்தான் இருக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கீழிருந்து மேலாக இழுங்கள். இஞ்சின் திருப்பி உதைத்தால், ஹேண்டில் கையை விட்டு நழுவிவிடும். கட்டைவிரல் மறுபக்கம் இருந்தால் எலும்பு முறியும்.