மறைக்கல்வி வகுப்பில் ஹேரியட் அம்மையார்



மோயீசன் வரலாற்றை மூன்றாம் வகுப்புச் சிறுவர்க்குச் சொல்லும்போது, அமெரிக்காவின் ஹேரியட் டப்மன் அம்மையாரையும் சேர்த்தே சொல்லி வருகிறோம். அடிமைகள் அவரை 'மோயீசன்' என்றே அழைத்தார்களாம்.

'சுரங்க ரயில்பாதை' என்றதும் பிள்ளைகள் ரயிலைத் தேடுகிறார்கள். ரயிலும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. ஓடிவந்தோரை ஒளித்து வைத்த வீடுகளே நிலையங்கள் என விளக்குகிறோம்.

சிறுமியாயிருந்தபோது, வேறொருவர் மீது கங்காணி வீசிய எடைக்கல் ஹேரியட்டின் மண்டையைப் பிளந்தது. இதைச் சின்னஞ்சிறுசுகளிடம் சொல்லலாமா? எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. சொல்வதென்றே முடிவு செய்தோம். காயத்தை மறைத்தால், அவர் ஏன் ஓடினார் என்பது பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்?

1849-இல் மேரிலாந்திலிருந்து வடமீனைப் பார்த்துத் தப்பினார். 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வட மாநிலங்களிலும் பிடிபடும் ஆபத்து மிகவே, பலரைக் கனடா வரை அழைத்துச் சென்றார். சுமார் 13 பயணங்கள். ஏறக்குறைய 70 பேர்.

"தப்பிச்ச பிறகு ஏன் டீச்சர் திரும்பிப் போனாங்க?" என்றான் ஒரு சிறுவன்.

"அவருடைய சகோதரர்கள் அங்கே இருந்தார்களே" என்றோம்.

சற்று யோசித்துவிட்டு, "70 பேருமா?" என்றான்.