ஸ்டூல் இருக்கு, உக்கார முடியல

எப்பப் பாரு கோடிங் பத்தியே பேசுறேன்னு கலாய்ச்சீங்க. இன்னைக்கு என் முதல் வேலையைப் பத்திப் பேசலாம். அது ஐ.டி. வேலை இல்ல.

2018. பி.இ. முடிச்சு ரெண்டு அரியர் பாக்கி. வீட்டுல சும்மா இருக்க முடியாம, தீபாவளிக்கு முன்னாடி மூணு மாசம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒரு ஜவுளிக்கடையில சேர்ந்தேன். காலையில ஒன்பதரைக்கு உள்ள போனா ராத்திரி பத்துக்குத்தான் வெளிய. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கையில வந்தது 7,000 ரூபாய்.

வசந்தபாலனோட 'அங்காடித் தெரு' 2010லயே வந்துடுச்சு. ஆனா அது சென்னை ரங்கநாதன் தெரு கதை, நம்ம ஊர்ல அப்படி இருக்காதுன்னு நினைச்சேன்.

சம்பளம் கம்மின்னு தெரிஞ்சுதான் போனேன். தெரியாம போனது, நிக்கிறது எவ்வளவு பெரிய வேலைங்கிறது. கூட்டமே இல்லாத மத்தியானத்துலயும் நிக்கணும். மடிச்ச சேலையையே பிரிச்சுத் திரும்ப மடிக்கணும். ரெண்டாவது வாரம் கால் வீங்கி செருப்பு ஏறல. பக்கத்து கவுன்டர் அக்காதான் சொல்லிக் கொடுத்தாங்க: ஒரு காலை ஷெல்ஃப் கீழ்த்தட்டுல வை, மாத்தி மாத்தி வை. அவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க. பாத்ரூம் நாலாவது மாடியில.

1947லயே வந்த தமிழ்நாடு கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் 10. எங்களுக்கு 12. இது எனக்கு அப்போ தெரியாது.

அதே 2018ல கேரளாவில், கடை ஊழியர்கள் உக்காரும் உரிமை சட்டமாச்சு. கோழிக்கோடு மிட்டாய்த்தெருவுல விஜிங்கிற தையல்காரர் ஆரம்பிச்ச 'பெண்கூட்டு' அமைப்பு வருஷக்கணக்கா போராடினதோட பலன் அது. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடும் நம்ம சட்டத்துல 22-ஏ பிரிவைக் கொண்டு வந்துச்சு. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைச்சா உக்காரலாம்.

போன தீபாவளிக்கு அம்மாவோட அதே கடைக்குப் போனேன். அந்த அக்கா அதே கவுன்டர்ல நிக்கிறாங்க. பின்னாடி ஸ்டூல் இருக்கு. அதுமேல பிளவுஸ் பிட் கட்டு.

"உக்காரலையாக்கா?"

"உக்காந்தா கேமராவுல பாத்துட்டு மேல இருந்து போன் வருது தம்பி. கஸ்டமர் வரும்போது உக்காந்திருந்தா மரியாதை இல்லைன்னு சொல்லுதாவ."

திரும்பி வரும்போது அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "உக்காந்துக்கிட்டே சேலை காட்டுதாளேன்னு நானும் ஒருக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்திருக்கேன்ல."

இப்போ கம்பெனி எனக்குக் கொடுத்திருக்கிற நாற்காலி, அந்த ஒரு மாச சம்பளத்தை விட விலை அதிகம். அதுல உக்காந்துதான் இதைப் பேசுறேன்.

சட்டம் ஸ்டூலைக் கொண்டு வந்துடுச்சு. முதலாளி கையைக் காட்டுறது நம்மளைத்தான், அதாவது கஸ்டமரை. அடுத்த தடவை கடையில யாராவது உக்காந்திருந்தா, "பரவாயில்லக்கா, உக்காந்தே காட்டுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. சூப்பர்வைசர் காதுல விழுற மாதிரி சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.